நண்டு ரொட்டி

ஊசியை உருவிவிட்டு, குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தினாள் கோகிலவாணி.

"வலிச்சுதுங்களா அத்தை?"

"எறும்பு கடிச்சாப்புல. உம்புருசன் போட்டாத்தான் கடப்பாறையில குத்துனாப்புல இருக்கும்." மாமியார் கண்ணாயி சேலையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். "நீ போயி அந்த நண்டு ரொட்டியப் பாரு கண்ணு. நாலு நாளா ரெண்டு வாய்க் கஞ்சிக்கு மேல எறக்காத மனுசன் இன்னிக்கு வெடியக்காலம் வாயத் தொறந்து கேட்டிருக்காரு."

சமையல் மேடையில் ஓவன் செக்கச்செவேல் என்று கனன்றது. உள்ளே வெள்ளித்தாளைப் போர்த்திக்கொண்டு கிடந்தது நண்டு ரொட்டி. பிறை வடிவில் மடித்துச் சுட்ட அந்த ரொட்டிக்கு விற்கிற கடையில் பெயர் குரோசான். கோகிலவாணியின் புருஷன் சதீஷ்குமார் பிக்கப் வண்டியில் நாமக்கல்லுக்கு மிளகும் பலாவும் ஏற்றிப் போகும்போதெல்லாம் ஒரு பெட்டி வாங்கி வருவான். அதை வயிற்றில் வகுந்து, வெண்ணெய் தடவி, வெந்த முட்டையும் சீஸும் அடக்கி, தோட்டத்து மிளகை இடித்துத் தூவி, வெள்ளித்தாளில் சுற்றிச் சுட வைத்து, மலையில் வந்து தங்கும் டூரிஸ்ட்டுகளுக்கு விற்பாள் கோகிலவாணி. ஒருநாள் மிஞ்சியதைத் தின்று பார்த்தார் மாமனார் செங்கோடன். "இதென்ன சாமி, ஓடை நண்டாட்டம் காலை மடக்கிக்கிட்டுக் கெடக்குது!" என்றார். அதோடு குரோசான் செத்தது. நண்டு ரொட்டி பிறந்தது.

"முட்டை நல்லா வெந்துச்சா? மஞ்சக்கரு கொழகொழன்னு இருந்தா எனக்கு எப்புடி எடுத்து வெப்பாரு?"

"கல்லாட்டம் வெந்திருச்சுங்க."

அந்த வீட்டில் அது ஒரு சட்டம். முட்டையின் மஞ்சள் செங்கோடனின் வாய்க்குள் போகாது. ஒதுக்கி வைப்பார். அது கண்ணாயிக்கு. பதிலுக்குக் கண்ணாயி ஒரு சட்டம் வைத்திருந்தாள். அவர் தின்று வைத்த பிறகுதான் அவள் வாயில் எதுவும் போகும். சர்க்கரை வந்து, ஊசி வந்த பிறகும் அந்தச் சட்டம் மாறவில்லை. ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டு சொல்லியும் மாறவில்லை. மிளகு பறிக்கப்போய் ஏணி சரிந்து இடுப்பு ஒடிந்து, ஆறேழு மாதமாகப் படுக்கையில் கிடந்த செங்கோடன்தான் வழி கண்டுபிடித்தார். காலையில் பெண்டாட்டிக்கு ஊசி போட்டார்களா என்று கேட்பார். போட்டாச்சு என்றால் பிடிக்கிறதோ இல்லையோ, ரெண்டு வாய் தின்று தட்டைத் தள்ளிவிடுவார்.

"மேல மொளகு இன்னும் தூவட்டுமான்னு மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தர்றேனுங்க."

காலி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளறைக்குப் போனாள்.

ஜன்னலை மூடுபனி அடைத்திருந்தது. செங்கோடன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். கம்பளி பாதி நழுவித் தரையில் கிடந்தது.

"மாமா, மொளகு போதுங்களா?"

கம்பளியை எடுத்துப் போர்த்தும்போது அவருடைய கை அவள் மணிக்கட்டில் பட்டது. சில்லென்றிருந்தது. அந்தச் சில்லிப்பு குளிருடையது அல்ல என்று உடம்புக்கு எப்படித்தான் தெரியுமோ, தெரிந்துவிட்டது. குனிந்து முகத்தைப் பார்த்தாள். கண் திறந்திருந்தது. பார்வை இல்லை. மூக்கருகே விரல் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"அத்..."

தொண்டையிலிருந்து கிளம்பிய சத்தம் பாதியில் நின்றது. நிறுத்தியது கையிலிருந்த ஊசி.

போட்டாயிற்று. இனி எடுக்க முடியாது. மருந்து அத்தையின் ரத்தத்தில் ஓட ஆரம்பித்திருக்கும்.

போன ஆனியில் மலையின் மறுபக்கம் திண்ணனூர் நாட்டில் கண்ணாயியின் அண்ணன் செத்துப்போனார். ஊசி போட்ட கையோடு சேதி வந்தது. அப்படியே எழுந்து ஓடினாள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. பிணம் எடுக்கும் வரை ரத்த சொந்தம் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாது. யார் கெஞ்சியும் கேட்கவில்லை. பிணத்தைத் தூக்கும் முன்பே இவள் விழுந்தாள். கண் சொருகி, கை கால் வெட்டி இழுத்து, பல் கிட்டிக்கொண்டது. வெறும் வயிற்றில் ஊசி வேலை செய்து ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கியிருந்தது. ஒரு வாய் சீனி போட ஸ்பூனால் நெம்பியும் திறக்கவில்லை. எவனோ லாரிக்காரன் கைகாட்டியதும் நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒரே நாளில் ரெண்டு குழி வெட்டியிருக்க வேண்டும் என்று டாக்டரே சொன்னார்.

அது அண்ணனுக்கு. இது புருஷன்.

இப்போது ஒரு சத்தம் போட்டால் போதும். இந்த வீட்டில் ரெண்டு உயிர் போகும்.

கோகிலவாணியின் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. செங்கோடனின் இமைகளை மூடினாள். தொங்கிய தாடையைத் தூக்கி, தலையணையின் முனையை முகவாய்க்குக் கீழே முட்டுக் கொடுத்தாள். கம்பளியைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள். தூங்குகிற மனிதர் மாதிரிதான் இருந்தார். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"என்னவாம்?" வெளியிலிருந்து கண்ணாயி கேட்டாள்.

"மொளகு தூக்கலா வேணுமாமுங்க!"

தன் குரல் இவ்வளவு இயல்பாக வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை.

சமையலறைக்கு வந்தாள். ஓவன் இருண்டு கிடந்தது.

கரண்ட் போயிருந்தது.

"இப்பத்தான் கண்ணு போச்சு," என்றாள் கண்ணாயி. வாசற்படியில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். "மேட்டுல மரம் கிரம் உழுந்திருக்கும். இனி மத்தியானந்தான் வரும்."

வேறு எதையாவது கொடுத்துவிடலாம். நேற்றைய களி இருக்கிறது. ஆனால் அவர் தின்னாமல் அவள் தின்னமாட்டாள். அவர் கேட்டது நண்டு ரொட்டி. அது போகாமல் களி போனால், ஏன் என்று கேட்பாள். எழுந்து போய்ப் பார்ப்பாள். சூடில்லாத நண்டு ரொட்டி போனாலும் அதே கேள்விதான்.

கோகிலவாணி தோசைக்கல்லை கேஸ் அடுப்பில் வைத்தாள். பொட்டலத்தைக் கல்லில் போட்டு, மேலே சட்டியைக் கவிழ்த்தாள். லைட்டரைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். சாவு வீட்டில் அடுப்பு. கீழே முள்ளுக்குறிச்சியில் அவள் பிறந்த வீட்டிலும் அதே முறைதான். பிணம் கிடக்க அடுப்புப் பற்றவைத்தவள் வீட்டை விட்டுச் சாவு போகாது என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். சதீஷ்குமாரின் வண்டி இந்நேரம் எந்தக் கொண்டை ஊசி வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்?

டிக். டிக். மூன்றாவது அழுத்தலில் பற்றிக்கொண்டது.

வெண்ணெய் உருகும் வாசம் கிளம்பியது. அந்த வாசத்துக்குப் பசி எடுக்கும். இன்றைக்கு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொட்டலத்தைத் திருப்பிப் போட்டாள். வெள்ளித்தாள் விரலைச் சுட்டது. நல்லது என்றிருந்தது.

"கண்ணு, எனக்கு லேசா கை நடுங்குது."

திரும்பிப் பார்த்தாள். கண்ணாயியின் மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது. இந்தக் குளிரில்.

"ஆச்சுங்க அத்தை, இதோ ஆச்சு!"

பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் போட்டு, நடுவே ரெண்டாக வெட்டி, ஒரு டம்ளர் வரக்காப்பியும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குள் நுழைந்தாள். கதவைக் காலால் தள்ளி ஒருக்களித்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். போர்வைக்குள் இருந்த கால் அவள் இடுப்பில் இடித்தது. நகர இடமில்லை.

தட்டு பாதி காலியாகி வெளியே போக வேண்டும். ஒளித்து வைக்கலாம் என்றால் வாசம் காட்டிக்கொடுக்கும். ஜன்னல் வழியே எறிந்தால் நாய் கவ்விக்கொண்டு வாசலுக்கே வரும்.

"மன்னிச்சிருங்க மாமா," என்று உதடு மட்டும் அசையச் சொல்லிவிட்டு, ஒரு பாதியை எடுத்துக் கடித்தாள்.

மொறுக்.

அந்தச் சின்ன அறையில் அது விறகு முறிகிற சத்தமாய்க் கேட்டது. மேல்தோல் ஏடு ஏடாகச் சிதறி மடியில் விழுந்தது. சீஸ் சூடாக மேலண்ணத்தில் ஒட்டியது. விழுங்கினால் இறங்கவில்லை. வரக்காப்பியை ஊற்றித் தள்ளினாள்.

"என்ன கண்ணு, தின்னுறாரா?"

"தின்னுறாருங்க!" வாயைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள்.

"சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. முன்னால நாலு பல்லு இல்ல, நொறுக்கறதப் பாரு!" கண்ணாயி சிரித்தாள். பிறகு குரலை உயர்த்தினாள். "ஏனுங்க! காரம் போதுங்களா?"

கோகிலவாணி மூடிய இமைகளைப் பார்த்தாள்.

"தலையாட்டறாருங்க அத்தை."

"வாயத் தொறந்து சொன்னா முத்து உதுந்துருமாக்கும்."

கண்ணில் நீர் முட்டியது. அழக்கூடாது. கண் சிவந்தால் தெரிந்துவிடும். கடித்தாள், மென்றாள், விழுங்கினாள். எதைத் தின்கிறோம் என்றே தெரியாமல் தின்றாள். தலையணை முனை மெல்ல நழுவி, செங்கோடனின் வாய் தானாகத் திறந்துகொண்டது. ஒரு வாய் கேட்கிற மாதிரி. கோகிலவாணி எழுந்தே விட்டாள். தாடையை மறுபடி ஏற்றி, முட்டுக் கொடுத்து, மீதிப் பாதியோடு தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஸ்வெட்டரின் முன்பக்கத்தை அவசரமாகத் தட்டிவிட்டாள்.

"பாதி தின்னுட்டாருங்க. போதும்னுட்டுத் தூங்கிட்டாரு. நீங்க சாப்புடுங்க அத்தை."

கண்ணாயி தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். பாதி ரொட்டியை விரலால் மெல்ல விரித்துப் பார்த்தாள். தட்டின் ஓரங்களைப் பார்த்தாள். ரொட்டியைத் தூக்கி, அடியிலும் பார்த்தாள்.

"மஞ்சக்கரு?"

கோகிலவாணியும் குனிந்து தட்டைப் பார்த்தாள். அந்தப் பாதியில் முட்டையின் வெள்ளைதான் பெரிதாக இருந்தது. மஞ்சள் முழுக்க இவள் தின்ற பாதியில். மென்றது, விழுங்கியது, வாய்க்குள் மாவாய்க் கரைந்தது, எல்லாம் இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"அவரே... தின்னுட்டாருங்க. பசி போலிருக்குதுங்க."

கண்ணாயி நிமிர்ந்து மருமகளின் முகத்தைப் பார்த்தாள். கோகிலவாணி அவரைக்காய்க் கூடையைப் பார்த்தாள். எங்கேயோ ஒரு பலா மரத்திலிருந்து பனித்துளி ஓட்டுக் கூரையில் சொட்டிக்கொண்டிருந்தது. உரித்த அவரைக்காய் ஒன்று கண்ணாயியின் மடியிலிருந்து நழுவிப் படியில் விழுந்தது. அதை எடுக்க அவள் குனியவில்லை.

"அப்புடியா," என்றாள் கண்ணாயி.

ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள்.

முதல் வாய் இறங்குவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். "எங்க எங்கண்ணன்? கொய்யாப்பழம் கொண்டாந்திருக்கறேன்!" பொன்னாயி. செங்கோடனின் தங்கை. மேலத் தெருவிலிருந்து வந்து காலையில் ஒரு தடவை அண்ணன் முகத்தைப் பார்க்காவிட்டால் அவளுக்குப் பொழுது விடியாது.

கோகிலவாணி எப்படி அந்த உள்ளறை வாசலுக்குப் போய் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

"மாமா இப்பத்தானுங்க கண்ணசந்தாரு."

"அசந்தா என்ன? மொகத்தப் பாத்துட்டுப் போறேன். நகரு."

"எழுந்துட்டா அப்பறம் தூக்கம் வராதுங்க சின்னத்தை..."

"அட இவ ஆரு குறுக்க! கீழ்நாட்டுக்காரிக்கு எங்கூட்டுல எனக்கே வழி மறிக்கிற தெகிரியம்." பொன்னாயி அவள் தோளைப் பிடித்து ஒதுக்கினாள். "கூடப் பொறந்தவளுக்கே காவலா?"

"பொன்னாயி."

சத்தம் போடாமல்தான் கூப்பிட்டாள் கண்ணாயி. ஆனாலும் பொன்னாயி நின்றாள்.

"இப்புடி வந்து உக்காரு. நா தின்னு முடிக்கற வரைக்கும் இரு."

"நீ தின்னுறதுக்கும் நா அண்ணனப் பாக்குறதுக்கும் என்ன..."

"இரு ஆத்தா. தனியா தின்ன முடியல."

பொன்னாயி முணுமுணுத்தபடி படியில் உட்கார்ந்தாள். கண்ணாயி தின்றாள். பிய்த்தாள், மென்றாள், தண்ணீர் குடித்தாள். அவசரப்படவில்லை. ஒரு துணுக்கு கீழே விழுந்தபோது அதையும் எடுத்து ஊதி வாயில் போட்டுக்கொண்டாள். "இந்தக் கழுதை ரொட்டிக்கு இவ்வளவு வெண்ணெய் எதுக்கு?" என்று பொன்னாயி கேட்டபோது அடுத்த துண்டைப் பிய்த்தாள். கோகிலவாணி உள்ளறைக் கதவில் சாய்ந்தபடி நின்றாள். மாமியாரின் உதட்டு வேர்வை காய்வதை மட்டும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டு காலியானது. கண்ணாயி செம்புத் தண்ணீரை அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தாள். வாயைத் துடைத்தாள். தலைமுடியை அவிழ்த்து உதறி மறுபடி முடிந்துகொண்டாள்.

"கண்ணு, வழி உடு," என்றாள். "போ பொன்னாயி. இப்பப் போயி எழுப்பு."

*

மத்தியானத்துக்குள் வாசல் நிறைந்துவிட்டது. சதீஷ்குமார் நாமக்கல்லில் லோடை இறக்காமலே அப்படியே திரும்பி மலையேறி வந்து சேர்ந்தான். வந்தவன் மனைவியைப் பார்த்து, "அம்மா சாப்புட்டுச்சா?" என்றுதான் முதலில் கேட்டான். ஆமாம் என்று அவள் தலையாட்டியதும் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

பறை அடித்தார்கள். ஊர்ப் பெரியவர் அர்த்தனாரி குழி வெட்ட ஆள் அனுப்பினார். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். கோகிலவாணியும் அழுதாள். ஆனால் அவள் காது முழுக்கப் பொன்னாயியின் பக்கம்தான் இருந்தது. பொன்னாயி அழுகைக்கு நடுவே ஒவ்வொருத்தியிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நா போயித் தொட்டா கை கல்லாட்டம் சில்லுனு கெடக்குது. இப்பத்தான் தின்னுட்டுத் தூங்குறாருன்னா இவ. தின்ன ஒடம்பு அதுக்குள்ள அப்புடி ஆவுமா? வாசல மறிச்சுக்கிட்டு நின்னாளே, அது எதுக்கு?"

தலைகள் திரும்பின. கோகிலவாணி சமையலறைப் பக்கம் பார்த்தாள். அடுப்பு இன்னும் சூடாக இருக்குமோ? தோசைக்கல்லைக் கழுவினோமா? கவிழ்த்த சட்டி? ஓடிப் போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது. எழுந்தால் எல்லாரும் பார்ப்பார்கள். பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தின்றவள். அந்தப் பெயர் ஒட்டினால் இந்த மலையில் எந்தத் தண்ணீராலும் கழுவ முடியாது. நாளைக்கு அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதற்கும் சேர்த்து ஒட்டும்.

"எத்தன மணிக்கு உசுரு போச்சாம்?" அர்த்தனாரி அவளைத்தான் நேராகப் பார்த்துக் கேட்டார்.

வாய் திறந்தது.

தலைமாட்டில் இருந்த கண்ணாயி மூக்கைச் சிந்தினாள்.

"ஏன் அவளக் கேக்கறீங்க? நாந்தான் ஊட்டுல இருந்தேன். அவரு கை காலு மலையில பொறந்ததுலருந்து சில்லுனுதான் இருக்கும். தொட்டுப் படுத்தவ எனக்குத் தெரியாதா? தின்னாரு. நா கேட்டேன். மொறுமொறுன்னு சத்தம் எங்காதுல கேட்டுச்சு. மொளகு தூக்கலா கேட்டு வாங்கித் தின்னுட்டு, வயிறு குளுந்து போனாரு."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. பொன்னாயியே அதைப் பிடித்துக்கொண்டு, "வயிறு குளுந்து போனியா எங்கண்ணா!" என்று நெஞ்சில் அடித்து அழுதாள். மற்றவர்களும் அதையே இழுத்துப் பாடினார்கள். கடைசியாகத் தின்றதை, கேட்டு வாங்கித் தின்றதை, மொறுமொறுவென்று தின்றதை. தான் மென்ற சத்தத்துக்கு ஊரே அழுவதைக் கேட்டபடி கோகிலவாணி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். குளிர் தாங்காமல் ஸ்வெட்டரை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பாடை கட்டி முடித்தார்கள். வாய்க்கரிசிக்கு ஆள் ஆளாக வந்தார்கள். சதீஷ்குமார் போட்டான். பொன்னாயி போட்டாள். மருமகளையும் போடச் சொன்னார்கள். அவள் போட்ட அரிசியில் பாதி அவர் மார்பில் சிந்தியது.

"கடசீல நீ போடு ஆத்தா," என்றார் அர்த்தனாரி.

கண்ணாயி கைப்பிடி அரிசி எடுத்தாள். உடனே போடவில்லை. பக்கத்தில் நின்ற மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு கையை நீட்டினாள். கண்ணாயியின் விரல்கள் அவள் ஸ்வெட்டரின் கழுத்துப்பட்டையில் கம்பளி இழைகளுக்குள் எதையோ தேடின. நகத்தால் கிள்ளி எடுத்தன.

மெல்லிய, பழுப்பு நிறமான ஒரு ஏடு. நண்டு ரொட்டியின் மேல்தோல்.

அதை உள்ளங்கை அரிசியின் மேல் வைத்தாள். குனிந்து, யாருக்கும் தெரியாமல் முதுகால் மறைத்துக்கொண்டு, கணவரின் உதட்டில் கையைக் கவிழ்த்தாள்.

பாடையைத் தூக்கினார்கள். வெள்ளை அரிசி சரிந்து கொட்டியது. அந்த ஒரு ஏடு மட்டும் அவர் உதட்டோரத்தில் ஒட்டிக்கொண்டு, பனிக்குள் போய் மறைகிற வரைக்கும் விழாமல் இருந்தது.